பின்வரிசைச் செம்மறிகள்

வௌவால் ஏழு வருஷம் ஒரே குகையில் தொங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்தது. காட்டு விலங்குகள் கூட்டம் போடும் குகை அது. அங்கே யார் என்ன பேசினாலும் எதிரொலியில் குழம்பிப் போகும். வெறும் பாறைச் சுவர்தான் காரணம், அதைக் கம்பளியால் மூடினால் சரியாகிவிடும் என்று வௌவால் ஆய்வேடு எழுதியது.

வாய்மொழித் தேர்வும் அதே குகையில்தான் நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த நாற்பது செம்மறி ஆடுகள் பின்சுவரை ஒட்டி நெருக்கியடித்து நின்றுகொண்டன. தேர்வாளராக வந்த கழுதை ஒரு தடவை கத்திப் பார்த்தது. சத்தம் ஒரே தடவை, சுத்தமாகக் கேட்டது.

"எதிரொலியே இல்லையே அம்மா. இல்லாத ஒன்றையா ஏழு வருஷம் ஆராய்ந்தாய்?" என்று கழுதை ஆய்வேட்டை மூடி வைத்தது.

வௌவால், இந்தக் குகையே தன்னைக் கைவிட்டுவிட்டதே என்று பின்பக்கம் பார்த்தது. அங்கே சுவரே தெரியவில்லை. வரிசை வரிசையாகக் கம்பளி முதுகுகள்தான் தெரிந்தன.

"கொஞ்சம் வெளியே போய் நிற்கிறீர்களா?" என்று ஆடுகளைக் கேட்டுக்கொண்டது. அவை முனகிக்கொண்டே போயின.

"இதெல்லாம் எதற்கு?" என்றது கழுதை. எதற்கு, எதற்கு, எதற்கு என்று குகை அதையே திருப்பிக் கேட்டது. வௌவால் வெறுமையான பின்சுவரைச் சிறகால் காட்டியது.

கழுதை ஆய்வேட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டது. பிறகு எழுந்து நின்று முடிவை அறிவித்தது. வாசலில் நின்ற ஆடுகளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

கழுதை வௌவாலின் காதருகே வந்து மெல்லச் சொன்னது: "டாக்டரம்மா, அவர்களை உள்ளே கூப்பிடுங்கள்."