பால் காய்ச்சிய அன்று

வைத்திலிங்கம் தாம் வாடகைக்கு விடும் வீட்டுக்குத் தேர்ந்தெடுத்தது ஊரிலேயே உயர்ந்த காப்பீடு. வெள்ளம், நிலநடுக்கம், வானத்திலிருந்து விழும் விண்கல் எல்லாவற்றுக்கும் அதில் ஈடு உண்டு. ஒரே நிபந்தனை, வீட்டுக்காரர் தம் குடித்தனக்காரரிடம் பாசம் வைக்கக் கூடாது. பாசம் வைத்தவர்கள் சேதத்தை மறைக்கிறார்கள் என்று நிறுவனம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்ததாம். அதைக் கண்காணிக்கச் சுவரில் பேசும் மின்கண் ஒன்றையும் பொருத்தித் தந்திருந்தார்கள், இலவசமாக.

புதிதாகக் குடிவந்த பூங்கோதை பால் காய்ச்சி, முதல் தம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க சார். எங்கப்பா இருந்திருந்தா அவருக்குத்தான் முதல்ல குடுத்திருப்பேன்."

"எச்சரிக்கை," என்றது சுவர், தேன் ஒழுகும் குரலில். "இதைக் குடித்தால் உறவாகக் கணக்கிடப்படும். காப்பீடு ரத்தாகும்."

வைத்திலிங்கத்தின் கை தயங்கியது. அவருடைய ஆயுள் உழைப்பெல்லாம் இந்த ஒரு வீடுதான். பூங்கோதையின் முகம் சுண்டிப்போனது. தம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சும்மா கெட, பால் ஆறுது," என்று சுவரை அதட்டிவிட்டு, அவர் தம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"காப்பீடு ரத்து. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி," என்று சொல்லிவிட்டுச் சுவர் அணைந்தது.

"ஐயோ, இனிமே வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு சார் பாத்துக்குவா?"

"நீ இங்க இருக்க. நான் அடுத்த தெருவுல இருக்கேன். நாம பாத்துக்க மாட்டோமாம்மா?"