விழப்போற பல்லு

"விழப்போற பால் பல்லுக்கு எவளாச்சும் காசைக் கொட்டுவாளா?"

தேயிலைக்கு நடுவில் நின்றபடியே ஜெயந்தினி சத்தமாகக் கேட்டாள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வினோதா சிரிக்கவில்லை. அவள் கையும் நிற்கவில்லை.

"கிள்ளப்போற கொழுந்துதானேன்னு தேயிலைக்கு உரம் போடாமலா விடுறாங்கக்கா?"

சிரிப்பு பட்டென்று அடங்கியது.

வினோதாவின் மகள் சுலக்ஷனாவுக்கு ஐந்து வயது. கடைவாய்ப் பல் எல்லாம் சொத்தை. சோறு மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பார்க்கத் தவணை நாள் கிடைக்க மாதக்கணக்காகும். லயத்து வீடுகளில் ஆளுக்கு ஆள் கிராம்பு வைக்கச் சொன்னார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார்கள். வினோதா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது போத்தல் நிறையச் சீனித் தேத்தண்ணியை அதன் வாயில் வைத்துத் தூங்கப் போட்டுவிட்டு மலைக்கு ஓடியவள் அவள்தான். அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டியதும் தான்தான் என்று ஒரே பிடிவாதம்.

நோர்வூட் டவுனில் தனியார் பல் டொக்டர் பார்த்துவிட்டார். இன்றைக்கு ஒரு பக்கம் அடைப்பார். அடுத்த கிழமை மறுபக்கம். இன்றைக்கு வேண்டிய காசு கையில் இருக்கிறது. மறுபக்கத்தை அடைக்க வேண்டுமானால் இந்த மாதம் ஒரு பேர்கூடக் குறையக் கூடாது.

தோட்டத்தில் பேர் என்றால் நாள் சம்பளம். சொன்ன கிலோ பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் வினோதா சாக்கை உதறி வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் கங்காணி கணேசமூர்த்தி.

"பிள்ளைய டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கய்யா. அந்திக் கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

"கிலோ வராட்டி அரைப்பேருதான். அப்புறம் வந்து அழக் கூடாது."

"என்னத்தையாச்சும் போட்டுக்கங்க. நான் போறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் போகும்போது இன்னும் எத்தனை கிலோ வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

திரும்பி வரும்போது மகள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். ஒரு பக்கப் பல் அடைத்தாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, ஓடிப் போய்ப் பறித்தால் எப்படியாவது கிலோவை எட்டிவிடலாம் என்று மேட்டில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய நிரையில் ஜெயந்தினி நின்றாள்!

ஒருத்திக்கு ஒதுக்கிய நிரையில் இன்னொருத்தி கை வைப்பது தோட்டத்தில் களவுக்குச் சமம். ஜெயந்தினி தன் நிரையை அப்படியே போட்டுவிட்டு, கொழுந்து நன்றாக வந்திருந்த வினோதாவின் நிரையை மொட்டையடித்திருந்தாள். பறிக்க ஒரு கிள்ளுக்கூட மிச்சமில்லை.

"என் நெறையில ஒனக்கு என்னக்கா வேலை?"

"கத்தாத. பிள்ளை முழிச்சிரும்."

"பிள்ளையப் பத்தி நீ பேசாத! காலையில நக்கலடிச்ச, இப்ப களவாண்டுட்ட. நான் பல்லு வலிக்கிற பிள்ளையத் தூக்கிட்டுப் போன நேரமாப் பாத்து என் வயித்துல அடிக்கிறியே, வெக்கமா இல்ல?"

சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயந்தினி சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நிறுக்கிற இடத்துக்கு நடந்தாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வினோதாவும் பின்னாலேயே போனாள்.

கங்காணி சாக்கைத் தராசில் மாட்டினார். "ஜெயந்தினி..." என்று எழுதப் போனார்.

"என் பேருல போடாதீங்க. அது வினோதா கொழுந்து."

"பறிச்சது நீ. அவ பேருல எப்புடிப் போடுறது?"

"அவ நெறையில வந்த கொழுந்த அவ பேருலதான் போடணும். ஏலாதுன்னா சொல்லுங்க, சாக்கோட தொரைக்கிட்டயே போய்க் கேக்குறேன்."

கங்காணி அவளை முறைத்தார். பிறகு எழுதினார். வினோதாவுக்கு முழுப்பேர்.

களவாண்டுட்ட என்று கத்திய வாயை வினோதா கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்ப ஒன் கொழுந்து எங்க?" என்று கேட்டார் கங்காணி.

"என் நெறை மரத்துலயே கெடக்கு. எனக்கு அரைப்பேரு போடுங்க."