முருகனுக்குப் பச்சை பல்பு

மகரந்தக் காற்று வருகிறதென்று போனில் எச்சரிக்கைச் சங்கு ஊதியதுமே, மொட்டை மாடியிலிருந்த கஞ்சாச் செடிகளைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டான் கோமதிநாயகம். அரசே அனுமதி கொடுத்த பிறகு ஆறுமுகநேரியில் இப்போது மாடிக்கு மாடி இந்த மருந்துச் செடிதான். அடுத்த வீட்டு மகரந்தம் பட்டால் பூ விதை பிடித்துவிடும், மருந்து வற்றிவிடும். மகள் உலகம்மையின் வலிப்பு வேறெந்த மருந்துக்கும் அடங்கியதில்லை.

வீட்டில் ஜன்னல் இல்லாத அறை பூஜை அறை ஒன்றுதான். அங்கே பகலெல்லாம் செடி விளக்கு, பொழுது சாய்ந்தால் கும்மிருட்டு என்று ஏற்பாடு செய்தான். இருட்டில் வெளிச்சம் பட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும்.

மறுநாள் அந்தியில் வேலை முடிந்து வந்தவன், பூஜை அறைக் கதவிடுக்கில் வெளிச்சத்தைக் கண்டதும் கத்தத் தொடங்கினான். மனைவி சண்முகவடிவு அந்தி விளக்கை ஒருநாளும் விட்டவளில்லை.

"ஏட்டி, விளக்கேத்திட்டியா? போச்சு, பிள்ளைக்கு மருந்து போச்சு!"

"கதவத் தொறந்து பாத்துட்டுக் கத்துங்க."

முருகன் படத்துக்கு மேல் ஒரு பச்சை ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தது.

"பச்ச வெளிச்சம் செடிக்குத் தெரியாதுன்னு செடி குடுக்கும்போதே ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாவல்லா? நீங்க போன நோண்டிக்கிட்டு இருந்திய."

"சாமிக்கு?"

"செந்தூர்லயே திருழாவுக்கு அவருக்குப் பச்சப் பட்டு சாத்துதாவ. நம்ம வீட்லயா கோவிச்சுக்கப் போறாரு?"

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான். உலகம்மை எட்டிப் பார்த்தாள்.

"யப்பா, உங்க மூஞ்சி பச்சையா இருக்கு!"

அவன் சிரிக்கச் சிரிக்கப் பல்லும் பச்சையாகத் தெரிந்தது.