மழை பெய்தால் மட்டும்

ரக்ஷனாவின் முதுகு இன்னும் எட்டு டிகிரி வளைந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் முப்பத்துமூன்று. இன்று காலை எக்ஸ்ரேயில் நாற்பத்தொன்று. டாக்டர் சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் என்றார்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதுகெலும்பில் இரண்டு கம்பி, இருபது ஸ்க்ரூ.

டாக்டர் மேல் தப்பில்லை. முதுகை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிரேஸை அவள் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் போட்டிருக்கிறாள். பிரேஸுக்குள் பதித்திருக்கும் சிப் உடம்புச் சூட்டை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அதன் ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது. அவ்வளவு போட்டும் வளைவு நிற்கவில்லையென்றால் பிரேஸால் பயனில்லை. மிச்சம் இருப்பது கத்திதான்.

எனக்கு அந்த இருபத்திரண்டு மணி நேரம்தான் இடித்தது. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு பிசியோதெரபி செய்கிறேன். இந்த ஊர் வெக்கையில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவையும் மகளையும் பயிற்சி அறையில் உட்கார வைத்துவிட்டு, சிப்பின் தினசரி விவரத்தைத் திறந்தேன்.

இருபத்தாறு நாள் மட்டும் காலையில் பிரேஸ் போடவில்லை என்றிருந்தது.

அதில் ஒன்று போன மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாயை எப்படி மறப்பேன்? அன்று எனக்கு லீவு. தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஆட்டிறைச்சிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கொட்டுகிற மழையில் டாக்சிக்கு ஓடினேன்.

மற்ற நாட்களையும் வானிலைப் பதிவோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் மழை.

மழை பெய்தால் மட்டும் பிரேஸைக் கழற்றுகிற பெண்ணா?

சிப் பதிந்த சூடு எவ்வளவு என்று பார்த்தேன். மழை இல்லாத நாட்களில் காலை பத்து மணிக்கு நாற்பத்துமூன்று டிகிரி. அப்படி ஒரு காய்ச்சலோடு யாரும் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

சூடாக இருந்தாலே அது உடம்பு என்று நம்பிவிடும் சிப். எங்கேயோ குளிர் நாட்டில் செய்தது. பாவம், அதற்கு எங்கள் புக்கிட் பாஞ்சாங் பேட்டை வெயிலைப் பற்றி என்ன தெரியும்? பிரேஸ் பள்ளிக்கூடமே போகவில்லை. காலை முழுக்க எங்கேயோ வெயில் காய்ந்திருக்கிறது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. உடனே டாக்டருக்கு போன் போட்டேன். அவரும் சிரித்தார். போடாத பிரேஸைக் குறை சொல்ல முடியாது, பிள்ளை தன் வாயால் ஒப்புக்கொண்டு இனி ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னால் ஆபரேஷனை ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்றார்.

பயிற்சி அறையில் ரக்ஷனா பெரிய பந்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா துரைசாமி. சாங்கி ஏர்போர்ட்டில் இரவு ஷிப்ட் முடித்து, செக்யூரிட்டி சீருடையோடு நேராக வந்திருந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை.

எதைக் கேட்டாலும் பிள்ளை முதலில் அவரைப் பார்த்தாள். பிறகுதான் பதில் சொன்னாள். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

அவர் அசையவில்லை. சரி, இவர் முன்னாலேயே கேட்டுவிடுவோம் என்று பிள்ளைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சிப் சொன்ன கதையெல்லாம் சொன்னேன்.

"ஸ்கூலுக்குப் போடாம போயிருந்தா சொல்லிடும்மா. திட்ட மாட்டேன். போடலன்னா இப்போதைக்கு ஆபரேஷனே வேணாம் லா!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கியது.

"போட்டுக்கிட்டுதான் போனேன், பானு அக்கா."

எனக்கே அழுகை வந்துவிட்டது. யாருக்குப் பயந்து இந்தப் பிள்ளை தன் முதுகைக் கத்திக்குக் கொடுக்கிறது?

அப்போது துரைசாமி, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் மிஸ். ஸ்கூல்ல எல்லாரும் ஆமைன்னு கூப்பிடுறாங்கன்னு ஒரு நாள் அழுதுச்சு. மனசு கேக்கல. தினமும் வேலை முடிஞ்சதும் ஸ்கூல் பக்கத்துக் காப்பிக்கடையில போய் நிப்பேன். டாய்லெட்ல கழட்டிக் குடுக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், வேர்வை நாத்தம் போகக் கழுவி, ஜன்னலுக்கு வெளிய நீட்டுற கம்புல வெயில்ல காயப் போடுவேன். ஸ்கூல் விட்டதும் திரும்பக் கொண்டுபோய்க் குடுப்பேன். இவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மெஷினே இருபத்திரண்டு மணி நேரம்னு சொன்னப்ப, சாமிதான் காப்பாத்துதுன்னு நெனச்சேன்."

மீசை நடுங்கியது.

நான் போனை எடுத்து டாக்டருக்கு இரண்டு வார்த்தை அனுப்பினேன். அப்பா ஒப்புக்கொண்டதே போதும் என்று பதில் வந்தது. ஆறு மாதம் கிடைத்துவிட்டது.

ரக்ஷனா பந்திலிருந்து குதித்து இறங்கி, அப்பாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"அறுத்துப் போட்டாலும் உங்களக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணேன்லப்பா! நீங்களே போய் மாட்டிக்கிட்டா, நாளைக்கு அம்மாகிட்ட உங்கள யாரு காப்பாத்துவா?"