சர்வர் தூங்கிய இடங்கள்

பாட்டு நடுவில் நின்றதற்கு அய்யாதுரை சொன்ன காரணத்தைச் சந்திரமௌலி ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. வருஷக் கணக்கில் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். தள்ளிவிடவும் முடியவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் பாதிதான் விவரம்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மந்தைவெளி வீட்டில் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அவர் மனைவி நீரஜாவின் பாட்டு கிளாஸ். ஆனால் பாடியது நீரஜா இல்லை, கம்ப்யூட்டர்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த முதல் கிளாஸிலேயே அவள் குரல் பிசிறடித்தது. ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட்டது. அன்றோடு சரி.

"தொண்டையில ஒரு கோளாறும் இல்லம்மா. பாடப் பாடத்தான் குரல் திரும்பும். விட்டுட்டீங்கன்னா போயிடும்" என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். நீரஜா கேட்கவில்லை.

"என் பழைய கேசட்டெல்லாம் இருக்கே. அது பாடட்டும். நான் தாளம் போட்டுண்டு உக்காந்திருக்கேன்."

அந்தக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவர்தான் அய்யாதுரை. சந்திரமௌலியின் ஆபீஸ்காரர், திருநெல்வேலிப் பக்கம். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யை வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவரே. அவர் மகள் மதுமதியும் அங்கேதான் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ஒரு வரி பாடும். குழந்தைகள் திருப்பிப் பாடுவார்கள். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்போது பொட்டென்று சத்தம் நின்றுவிடும். திரையில் விநாடி ஓடும், ஸ்பீக்கர் ஊமை.

"இன்னிக்கும் நின்னுடுத்து ஓய்! என்னத்தைய்யா போட்டுக் குடுத்தீர்?" என்று சந்திரமௌலி கத்துவார்.

மகளைக் கூட்டிப் போவதற்காக வராண்டாவில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த அய்யாதுரை எழுந்து வருவார். கறுப்புத் திரையில் எதையோ தட்டுவார்.

"சவுண்ட் சர்வர் படுத்துட்டு சார்."

"அது என்ன எழவு?"

"கல்யாண மண்டபத்துல மைக் செட்காரன் இருக்கான்லா, அது மாதிரி. யாரு பாடினாலும் அவன் வழியாத்தான் சத்தம் வெளிய வரணும். அவன் தூங்கிட்டான்னா மேடையில வாய் மட்டும்தான் அசையும். இப்ப எழுப்பிட்டேன்."

"எழுப்பினா மறுபடியும் தூங்கறானே!"

"அதான் எனக்கும் புரியல சார்."

சந்திரமௌலிக்கும் புரியவில்லை. தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எல்லாக் கீர்த்தனையும் ஓட்டினார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிளாஸில் நின்றது.

"அந்த மைக் செட்காரனே வேண்டாம். சர்வரைத் தூக்கிட்டு நேரா ஸ்பீக்கருக்கே சத்தத்தை அனுப்ப முடியாதா?"

அய்யாதுரை பின்னங்கழுத்தைச் சொறிந்தார்.

"முடியும் சார்... ஆனா வேண்டாம். மத்ததெல்லாம் கெட்டுரும்."

"மத்தது என்ன இருக்கு இதுல? பாடறது ஒண்ணுதானே வேலை! தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லும் ஓய். லினக்ஸ் லினக்ஸ்னு ஆபீஸ் பூரா பீத்திக்கத் தெரியறது!"

குழந்தைகள் எல்லாம் பார்த்தார்கள். மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரம் பார்த்துடுதேன் சார்" என்றார் அய்யாதுரை, முகம் மாறாமல்.

அடுத்த வாரமும் நின்றது.

இதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தாளத்தைப் பாதியில் விடக்கூடாது என்பது நீரஜாவின் கண்டிப்பு. கூரையே விழுந்தாலும் ஆவர்த்தனத்தை முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பாள். சத்தம் நின்றபோது குழந்தைகள் திருதிருவென்று விழித்தார்கள். அவள் கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. முதல் நாள் முனகினாள். அடுத்த வாரம் அந்த வரியை மெதுவாகப் பாடி முடித்தாள். பிறகு இரண்டு வரி. தை மாதம் பிறந்தபோது முழுப் பல்லவியையும் அவளே பாடிக்கொண்டிருந்தாள்.

"இந்த டப்பாவை எடுத்து உள்ள வைங்கோ. நடு நடுவுல நின்னு பிராணனை வாங்கறது. நானே பாடிக்கறேன்" என்றாள் ஒருநாள்.

கம்ப்யூட்டர் உள்ளே போனது. அங்கே சந்திரமௌலி எத்தனையோ தடவை அதே பாட்டுகளை ஓட்டிக் கேட்டார்; ஒரு தடவைகூட சத்தம் நிற்கவில்லை. சந்திரமௌலிக்குக் குழப்பம்தான் அதிகமானது.

பல வருஷம் கழித்து, தி.நகரில் மதுமதியின் கல்யாண ரிசப்ஷன். மேடையில் நீரஜாவின் கச்சேரி. முன்வரிசையில் சந்திரமௌலியும் அய்யாதுரையும்.

பழைய கிளாஸ் கீர்த்தனையைத்தான் எடுத்தாள். கீழ் ஸ்தாயியில் அந்த வரி வந்தது. சந்திரமௌலி நிமிர்ந்தார். இங்கேதான் முதலில் நின்றது! அடுத்து, கொஞ்சம் மேலே ஏறுகிற ஒரு வரி. அது இரண்டாவது வாரம் நின்ற இடம். பிறகு உச்சிக்குப் போகிற வரி. நீரஜா அநாயாசமாக எட்டிப் பிடித்தாள். அங்கே எப்போது நின்றது? யோசித்தார். நின்றதே இல்லை.

பக்கத்தில் பார்த்தார். "எனக்குப் பாட்டும் ஒண்ணுதான், மிக்ஸி சத்தமும் ஒண்ணுதான்" என்று ஆபீஸில் ஊருக்கே சொல்லித் திரிந்த அய்யாதுரையின் விரல்கள், முழங்காலில் துளி பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, சந்திரமௌலி அவர் காதருகே குனிந்தார்.

"அய்யாதுரை, உம்ம மைக் செட்காரன் தானாத் தூங்கியிருந்தா கண்ட இடத்துல தூங்கியிருக்கணுமே... அவளால அன்னிக்குப் பாட முடியற வரி எதுன்னு பார்த்துப் பார்த்து, அங்க மட்டும் எப்படிய்யா தூங்கினான்?"