கமாண்டோவுக்கு நற்சான்று

"ஸ்வீட்டெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போம்மா."

என் வீட்டுக்காரர் குரல் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுத் தமயந்தி மைசூர்பாக் தட்டோடு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க, வீடு தேடி வந்தவளை இப்படியா அழவெச்சு அனுப்புவீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது வள்ளி. உள்ள போ."

எனக்கா தெரியாது? பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்துக்கே தெரியும். நாளைக்கு தமயந்தியின் மகன் சஞ்சயைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் வருகிறது. பயந்துவிடாதீர்கள், நல்ல விசாரணைதான். பையன் மிலிட்டரிக்குத் தேறிவிட்டான். ஓட்டம், மெடிக்கல், பரீட்சை எல்லாம் முடிந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் 'நல்ல பையன்' என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

எதிர்வீட்டு மௌரீன் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். இன்னொரு கையெழுத்து என் வீட்டுக்காரர் கோவிந்தனுடையது. அங்கேதான் வில்லங்கம்.

போன வருஷம் கார்கில் சண்டையை டிவியில் பார்த்ததிலிருந்து சஞ்சய்க்குக் கமாண்டோ பைத்தியம்.

"முதல்ல பாராசூட் ரெஜிமெண்ட் ஆன்ட்டி. அப்புறம் ஸ்பெஷல் ஃபோர்ஸ். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் தேறுவாங்க. நான் தேறுவேன் பாருங்க" என்பான்.

முதுகுப் பையில் செங்கல்லை அடுக்கிக்கொண்டு ஓடுவான். ஒருநாள் விடிகாலையில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு சாக்கடை ஓரமாகத் தவழ்ந்து போனான். பால் பாக்கெட் போடுகிறவர் பேயென்று நினைத்து சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். எங்கள் சந்தில் அன்றைக்கு யாருக்கும் காபி இல்லை.

தமயந்தியும் லேசுப்பட்டவள் இல்லை. மகனுக்குத் தினமும் கடலை ஊறவைப்பாள், முட்டை அவிப்பாள். "என் பையன் கமாண்டோ ஆகப்போறான்" என்று காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தாள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒற்றை ஆளாக வளர்த்தவளுக்குப் பெருமை இருக்காதா?

அந்தக் கமாண்டோதான் ஆறு மாசம் முன்னால் தண்ணீர் டாங்க் மேலிருந்து குதித்துப் பழகுகிறேன் பேர்வழி என்று, குறி தவறி, எங்கள் பாத்ரூம் கூரை ஷீட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கினான். உள்ளே என் வீட்டுக்காரர் தலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றோடு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கட். அப்படிப்பட்டவரிடம்தான் தமயந்தி தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"பையன் வாழ்க்கையே உங்க வாயில இருக்கு. பழசை மனசுல வெச்சுக்கிட்டு எதையாவது சொல்லித் தொலைச்சிடாதீங்க."

"ரசம் ஊத்து."

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்கறீங்க?"

அவர் சோற்றில் குழி பண்ணிக் காட்டினார். இந்த மனுஷனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பளத்தை அவருக்குப் போடாமல் நானே தின்றுவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு கான்ஸ்டபிள் வந்தார். மௌரீன் டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் காம்பவுண்டில் சஞ்சய் அட்டென்ஷனில் நின்றான். அவன் பின்னால் தமயந்தி, புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு.

"ஹுடுகா ஹேகே சார்?" பையன் எப்படி என்று கன்னடத்தில் கேட்டார் கான்ஸ்டபிள்.

"இவனா? என் பாத்ரூம் கூரையை உடைச்சவன் சார்" என்று இவரும் கன்னடத்திலேயே ஆரம்பித்தார்.

போச்சு. கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சஞ்சய் முகம் தொங்கிப்போனது.

"பூராவும் கேளுங்க சார். ஷீட் கிழிச்சு இவன் தொடையில ரத்தமாக் கொட்டுது. அதை இவன் பார்க்கவே இல்லை. 'அங்கிள், உங்களுக்கு எங்கயாவது அடிபட்டுச்சா'ன்னு என் தலையைத் தடவிப் பார்க்கிறான். நான் கண்டபடி திட்டறேன், தலை குனிஞ்சு கேட்டுக்கறான். மறுநாள் இவ மார்க்கெட் போயிருந்தப்போ கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வந்து, புது ஷீட்டை அவனே ஏறி மாட்டினான். இவனை எடுக்கலைன்னா மிலிட்டரிக்குத்தான் சார் நஷ்டம். எங்க கையெழுத்துப் போடணும்?"

இதையெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. கான்ஸ்டபிளுக்குக் காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அவர் கிளம்பியதுதான் தாமதம், சஞ்சய் காம்பவுண்டைத் தாண்டிக் குதித்து இவர் காலில் விழுந்தான். "தேங்க்ஸ் அங்கிள்!" என்று கத்திவிட்டு, சிநேகிதர்களிடம் சொல்லத் தெருவில் பறந்தான்.

தமயந்தி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா தமயந்தி, இவரைப் போய் என்னமோன்னு பயந்தியே!" என்றேன். அவள் வாயே திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், சஞ்சய் தெருமுனை திரும்பிவிட்டானா என்று எட்டிப் பார்த்தார். பிறகு காம்பவுண்டு ஓரமாகப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சிடும்மா. 'இவனை விட்டா எனக்கு யாரு இருக்கா, மோசமான பையன்னு சொல்லி எப்படியாவது தடுத்துடுங்கண்ணா'ன்னு நேத்து நீ அழுதப்போ எனக்கும் மனசு கேக்கலை. ஆனா, அந்தப் பிள்ளையைப் பத்தித் தப்பாச் சொல்ல எனக்கு வாய் வரலைம்மா."