வெள்ளிக்கிழமை நாலு மணி

"பொம்பிளைப் பிள்ளை படிச்சது காணும் எண்டு நிப்பாட்டிப்போட்டீங்கள், என்ன சாச்சி?"

அப்ரா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கம்பஸ் லீவுக்கு வந்தவள், சொந்த வீட்டுக்குப் போகாமல் ஓட்டோவை நேரே உம்மாவின் தங்கச்சி கதீஜா வீட்டுக்கு விடச் சொல்லிவிட்டாள். வழியில் ஓட்டோக்கார றம்ஸீன்தான் பற்றவைத்தான்.

"கதீஜா மாமி மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிறேல்ல. வருசத்துக்கு மேல வீட்டுக்குள்ளதான். ஊர் முழுக்க இதே கதை."

கதீஜா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"வா மகள். முதல்ல தண்ணி குடி."

"தண்ணி கிடக்கட்டும். உங்கட மகள் அஸீபா ஓலெவல் சோதினையில எத்தனை ஏ எடுத்தவள் எண்டாவது தெரியுமோ?"

"எட்டு. ஏன் தெரியாது?"

"தெரிஞ்சுகொண்டுமா?"

அப்ராவின் குரல் ஏறியது. போன மாதம் கம்பஸ் விவாதப் போட்டியில், 'பெண் கல்விக்குத் தடை பெற்றோரே' என்று முழங்கி முதற்பரிசு வாங்கிய அதே குரல்.

"இந்தக் காலத்திலயும் பிள்ளையைப் பூட்டி வைக்கிற ஆக்கள் எங்கட குடும்பத்திலயே இருக்கிறீங்களே!"

"ஆர் பூட்டினது? வீட்டில இருந்து படிக்கிறாள். நவம்பர்ல ஏலெவல் சோதினை எடுக்கிறாள், பிரைவேட்டா. விண்ணப்பமும் போட்டாச்சு."

"ஆர் படிப்பிக்கிறது? நீங்களோ?"

"அவள் பழைய சோதினைப் பேப்பர் செய்யேக்க நான் மணி பாக்கிறனான். ரெண்டு மணித்தியாலம் முடிஞ்ச உடன பேப்பரைப் பறிச்சுப்போடுவன். அழுதாலும் குடுக்கமாட்டன்."

அப்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருப்பதால் அடக்கிக்கொண்டாள்.

"திருத்துறது?"

"அவள் கீறின நம்பரும் விடைப் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்டோ எண்டு பாப்பன். நம்பர் எனக்கு வாசிக்கத் தெரியும்தானே."

"பிழைச்சா, ஏன் பிழைச்சது எண்டு ஆர் சொல்லிக்குடுக்கிறது?"

கதீஜா அடுத்த கருவாட்டைப் புரட்டினாள்.

"அதுக்குத்தான் ஆள் இல்லை."

"பாத்தீங்களோ! இரசாயனத்தை மணி பாத்துப் படிக்கேலுமோ சாச்சி? டொக்டரா வாறன் எண்டு சொல்லித் திரிஞ்ச பிள்ளை. ஊர் உங்களைப் பேசுறது சரிதான்!"

"பேசட்டும். என்னைத்தானே பேசுது."

"இப்ப எங்க அவள்?"

"கடற்கரையில."

"சோதினைக்கு இன்னும் மூண்டு மாசம். பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறீங்கள்! என்னத்துக்கு?"

"வெள்ளிக்கிழமை நாலு மணி எண்டா அங்கதான் போவாள். மழை பெய்தாலும் போவாள். என்னத்துக்கு எண்டு அவளிட்டயே கேள்."

அப்ரா மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் அஸீபா இருந்தாள். மடியில் ஒரு கொப்பி. எதிரே ஒரு கல்லில் சாத்தி வைத்த போன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் படிக்கிறாய்! போன் பாக்கத்தான் இஞ்ச வாறியோ?"

அஸீபா துள்ளி எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ராத்தா! நேரிலயே வந்திட்டீங்களோ? அல்ஹம்துலில்லாஹ்! இருங்கோ, இருங்கோ. எங்க இருந்து தொடங்குவம்?"

கொப்பியை நீட்டினாள். முதல் பக்கத்தில் உருண்டை உருண்டையான எழுத்து: 'வெள்ளி 4 மணிக்கு அப்ரா ராத்தாவிடம் கேட்க வேண்டியவை.'

ஒன்று, இரண்டு என்று கேள்விகள் பக்கம் பக்கமாக ஓடின. கடைசிக் கேள்வி இருநூற்றுப் பதினான்கு.

போன வருட ஹஜ்ஜுப் பெருநாள் அப்போதுதான் அப்ராவுக்கு ஞாபகம் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு மட்டும்தான் என்று அஸீபா அழுதாள். "அந்தப் பள்ளிக்கூடம் வேணாம், வீட்டில இருந்து விஞ்ஞானம் படி. ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்கு நான் போனில படிப்பிக்கிறன். வீட்டில சிக்னல் இல்லாட்டிக் கடற்கரைக்கு வா" என்று மேசையில் அடித்துச் சொன்னது அப்ராதான். சொன்னபடி இரண்டு வெள்ளி படிப்பித்தாள். மூன்றாம் வெள்ளி, விவாதப் பயிற்சி தொடங்கிவிட்டது.

அப்ரா கொப்பியை மூடினாள்.

அஸீபா அவசரமாகச் சொன்னாள்: "உம்மா உங்களைப் பிழையா நினைக்கக்கூடாது எண்டு, நான் சொல்லிப்போட்டன் ராத்தா. நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் எடுக்கிறீங்கள், இஞ்சதான் சிக்னல் வாறேல்ல எண்டு."

அப்ரா குனிந்து, கல்லில் சாத்தியிருந்த போனைப் பார்த்தாள்.

சிக்னல் கோடு நாலும் நிமிர்ந்து நின்றன.